6 அடி மரைன் டேங்க், பையனுக்கு லயன்ஃபிஷ் வேணுமாம்: கூட எதை விடலாம், எதை விடவே கூடாது

கேள்வி: அண்ணா, நான் ஆவடில இருக்கேன். மூணு வருஷமா ஒரு சின்ன மரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி ஓடுது, ரெண்டு கிளவுன், மூணு டாம்செல்னு சின்ன மீனுங்க, எல்லாம் நல்லா இருக்கு. இப்போ 6க்கு 2க்கு 2 அடியில புது டேங்க் போட்டு ஃபில்டருக்கு சம்ப், கழிவு எடுக்க ஸ்கிம்மர், தண்ணியை குளிர வைக்க சில்லர் எல்லாம் மாட்டி, கழிவை அழிக்கிற பாக்டீரியா வளர்ற சைக்கிளும் முடிஞ்சிருச்சு. கோரல் வேணாம், பெரிய மீன் மட்டும் தான். கடைல ஒரு லிஸ்ட் குடுத்தாங்க: வொலிட்டன் லயன்ஃபிஷ், கிளவுன் ட்ரிக்கர், பாந்தர் க்ரூப்பர், போர்க்குபைன் பஃபர், எம்பரர் ஏஞ்சல், பவுடர் ப்ளூ டாங். எல்லாமே 3, 4 இன்ச் சைஸ் தான், சின்னதுலேர்ந்து ஒண்ணா வளர்ந்தா பழகிரும்னு சொல்றாங்க. பையனுக்கு லயன் கண்டிப்பா வேணுமாம். பழைய மீனையும் இதுலயே மாத்திரலாமா?

பதில்: தம்பி, ஒண்ணா வளர்ந்தா பழகிரும்ங்கிறது நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் சொல்ற கதை. மரைன் மீனுக்கு அது செல்லாது. 3 இன்ச்ல எந்த மீனும் சாது தான், குணம் வர்றது சைஸ் வந்த பிறகு தான், அதுவும் ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு, நீங்க நிம்மதியா தூங்குற ஒரு ராத்திரி பாத்து வரும். கடைக்காரர் பொய் சொல்லல, அவர் கடைல அந்த மீனுங்க இருக்கிறது பத்து நாள், அந்த பத்து நாளும் அதுங்க நிஜமாவே ஒத்துமையா தான் இருக்கும்.

முதல்ல க்ரூப்பர். வெள்ளைல கருப்பு புள்ளி போட்டு தலைகீழா நின்னு ஆடுறதைப் பாத்தா யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, வாங்குனேன். அது நம்ம களவா மீன் தான் தம்பி, அதே குடும்பம். கடல்ல 70 செ.மீ வரைக்கும் வளரும், ஹாங்காங் பக்கம் ஹோட்டல்ல காசு கொட்டி வாங்கி சாப்பிடுற மீன் அது. என்கிட்ட இருந்தது ஒரு வருஷம் ஒரு கிளவுன் மீனோட பக்கத்துல பக்கத்துல தான் சுத்திட்டு இருந்துச்சு, நானும் ஆஹா நட்புன்னு நெனச்சேன், ஒருநாள் காலைல லைட்டை போட்டா கிளவுனைக் காணோம், க்ரூப்பர் வயிறு ஒரு பக்கம் மட்டும் புடைச்சுட்டு நிக்குது. அதுல கோபமும் இல்ல பகையும் இல்ல, வாய் அந்த சைஸுக்கு வந்திருச்சு அவ்வளவு தான். உங்க டேங்க் அகலம் 2 அடி, அதாவது 60 செ.மீ. அதை விட நீளமா வளரக்கூடிய மீனை அதுல எப்படி திருப்புவீங்க? லிஸ்ட்ல இருந்து அடிச்சுருங்க.

பழைய கிளவுனும் டாம்செலும் இதே கணக்கு தான். லயன்ஃபிஷ் தன் உடம்புல பாதி நீளம் இருக்கிற மீனைக்கூட அசால்ட்டா விழுங்கும். துரத்தாது, கடிக்காது, அந்த விசிறி ரெக்கையை விரிச்சு மெதுவா ஒரு மூலைக்கு ஒதுக்கிட்டு போய், ஒரே உறிஞ்சு. அதனால அதுங்க சின்ன டேங்க்லயே இருக்கட்டும், சந்தோஷமா இருக்கிறதை ஏன் கெடுப்பானேன்.

அடுத்தது கிளவுன் ட்ரிக்கர். என்னைக் கேட்டா இந்த லிஸ்ட்லயே மோசமான தேர்வு இதான், ஏன்னா க்ரூப்பர் பசிக்கு தின்னும், இவன் சும்மாவே கடிப்பான். நான் பராமரிச்ச ஒரு வீட்டு டேங்க்ல 3 இன்ச்ல விட்டது, ஒன்றரை வருஷம் ஒரு வம்பும் இல்ல. ஓனரு செல்லப்பேரு கூட வச்சிருந்தாரு. 7 இன்ச் தாண்டுன பிறகு ஒரு வாரத்துல கூட இருந்த டாங்கோட வால் நுனி போச்சு, அடுத்த வாரம் லயனோட ரெக்கை நூல் நூலா கிழிஞ்சு தொங்குச்சு, ஹீட்டர் வயரை கடிச்சான், தண்ணியை சுழல வைக்கிற பவர்ஹெட் மேல இருந்த கல்லை வாயால தூக்கி எறிஞ்சான். ராத்திரி ரூம்ல உக்காந்திருந்தா டொக் டொக்னு கண்ணாடில கல்லு மோதுற சத்தம் கேக்கும். அவன் 50 செ.மீ வரைக்கும் போற ஆளு. எல்லா கிளவுன் ட்ரிக்கரும் இப்படியான்னா இல்ல, சிலது கடைசி வரைக்கும் அமைதியா இருக்கும், ஆனா எது எப்படின்னு 3 இன்ச்ல உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்டுலேட்டட் ட்ரிக்கர்னு ஆரஞ்சு கோடு போட்டு ஒண்ணு காட்டுவாங்க, அது இவனுக்கும் அண்ணன், தனி டேங்க் இருந்தா மட்டும் யோசிங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பெரிய மீன் டேங்க்ல ஆறு மீனை ஒரே நேரத்துல தேர்ந்தெடுக்கக்கூடாது. ஒரே ஒரு மீனை தேர்ந்தெடுங்க, மிச்சத்தை அந்த மீன் தேர்ந்தெடுக்கும். உங்க வீட்டுல அந்த முடிவை பையன் எடுத்துட்டான், லயன். நல்லதா போச்சு. இனிமே எந்த மீனைப் பாத்தாலும் மூணே கேள்வி கேளுங்க: லயன் வாய்க்குள்ள இது போகுமா, லயன் ரெக்கையை இது கடிக்குமா, லயன் சாப்பாட்டை இது பிடுங்குமா.

இந்த கேள்வில பஃபர் அவுட். முகம் நாய்க்குட்டி மாதிரி, நீங்க ரூமுக்குள்ள வந்தாலே கண்ணாடிகிட்ட ஓடி வரும், அறிவுள்ள மீனு, எனக்கு ரொம்ப பிடிச்ச மீனும்கூட. ஆனா பஃபர்னா நம்ம பேத்தை மீன், அதோட பல்லு வாழ்நாள் முழுக்க வளர்ந்துகிட்டே இருக்கும், எதையாவது கடிச்சு தேய்க்கணும். பக்கத்துல ஒருத்தன் நீளமா ரிப்பன் மாதிரி ரெக்கையை தொங்கவிட்டு அசையாம நின்னா சும்மா விடுமா? டாக்ஃபேஸ் பஃபரும் இதே கதை தான். எதிர்காலத்துல பஃபருக்குன்னு ஒரு டேங்க் போட்டீங்கன்னா ஓட்டோட இறால், மட்டி, சின்ன நண்டு எல்லாம் குடுங்க, வலைல பிடிச்சு தண்ணிக்கு வெளிய மட்டும் தூக்காதீங்க, காத்தை இழுத்து ஊதிக்கிட்டா அதை வெளியேத்த முடியாம செத்துப்போற வாய்ப்பு இருக்கு.

எம்பரர் ஏஞ்சல் லயனை பெருசா தொந்தரவு பண்ணாது, அதனால இதை முழுசா வேணாம்னு சொல்ல மாட்டேன். சின்னதுல கருநீலத்துல வெள்ளை வளையம் வளையமா இருக்கும், வளர வளர அந்த வளையம் கலைஞ்சு மஞ்சள் கோடா மாறும், அந்த மாற்றத்தை கண்ணால பாக்கிறது ஒரு தனி சுகம். மன்னார் வளைகுடாலயே இருக்கிற மீன் தான். ஆனா 40 செ.மீ வரைக்கும் வளரும், 6 அடி டேங்க் அதுக்கு கடைசி எல்லை, கூடவே இன்னொரு பெரிய ஏஞ்சல் விடவே கூடாது. பின்னாடி 8 அடிக்கு மாத்துற எண்ணம் இருந்தா வாங்குங்க, இல்லன்னா விட்டுருங்க. பவுடர் ப்ளூ டாங் அழகு தான், ஆனா இச்ங்கிற வெள்ளைப்புள்ளி நோயை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்ற மீன் எதுன்னு கேட்டா பாதிப்பேர் இதைத்தான் சொல்வாங்க, உங்க முதல் பெரிய டேங்க்ல அந்த தலைவலி வேணாம்.

சரி, அப்போ எதைத் தான் விடுறது? நான் உங்க இடத்துல இருந்தா ஒரு லயன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு ஸ்னோஃப்ளேக் ஈல், ஒரு ப்ளூத்ரோட் ட்ரிக்கர். நாலே நாலு. 6 அடிக்கு நாலு மீனான்னு பையன் கேப்பான். கண்ணாடிக்கு 24 கன அடி, அதாவது 680 லிட்டர் தான் கணக்கு, கல்லும் மணலும் போட்டா 600க்கு வந்திரும், அதுல லயன் ஒண்ணே 15 இன்ச் வரும், போதும்.

ஃபாக்ஸ்ஃபேஸ் நம்ம ஓரா மீனோட சொந்தக்காரன். 9, 10 இன்ச் வரும், பாசி, நோரிங்கிற காய்ஞ்ச கடல்பாசி தின்னுட்டு தன் வேலையைப் பாக்கும். முதுகு முள்ளுல இவனுக்கும் விஷம் உண்டு, அதனால லயனும் இவனும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டுறதில்ல. ஒண்ணு சொல்லி வச்சிர்றேன், ராத்திரி லைட் அணைச்சதும் மஞ்சள் போய் உடம்பெல்லாம் பழுப்பு திட்டு திட்டா ஆயிரும், செத்துருச்சுன்னு நெனச்சு வலையை எடுத்துட்டு ஓடாதீங்க, அது அதோட நைட்டி.

ஸ்னோஃப்ளேக் ஈலுக்கு பல்லு மழுங்கலா இருக்கும், நண்டு இறால் உடைக்கிற பல்லு, மீனை அதிகமா தொடாது. டேங்க்ல ரெண்டு, ரெண்டரை அடி வரும். ஒரு அடிக்கு மேல நல்ல தடிமனா இருக்கிறதா வாங்குங்க, பென்சில் மாதிரி இருந்தா லயன் நூடுல்ஸ் மாதிரி உள்ள இழுத்துரும். மூடில ஒரு விரல் போற சந்து இருந்தா காலைல சோஃபா அடில காய்ஞ்சு கிடக்கும். பைப் உள்ள போற இடத்தையும் மறக்காம அடைங்க.

ட்ரிக்கர்னா கிளாத்தி, அது எல்லாமே ரவுடி இல்ல. ப்ளூத்ரோட் நடுத்தண்ணில மிதக்கிற சின்ன உயிர்களைத் தின்னு வாழ்ற இனம், அதனால மத்த கிளாத்தி மாதிரி கல்லை உடைக்கிற புத்தி அதுக்கு கம்மி. அது கிடைக்கலன்னா நைஜர் ட்ரிக்கர், ஊதாநீலத்துல சிவப்பு பல்லோட இருக்கும், விலையும் கம்மி, ஆனா வளர வளர கொஞ்சம் முரடாகும். ரெண்டுல எது விட்டாலும் முதல் ஆறு மாசம் லயன் ரெக்கை ஓரத்தை தினம் ஒரு தடவை பாருங்க. ஒரே ஒரு அரைவட்டக் கடி தெரிஞ்சாலும் அன்னைக்கே ட்ரிக்கரை பிரிச்சிருங்க, திருந்தும்னு காத்திருக்காதீங்க.

எதை முதல்ல விடுறதுன்னா ஃபாக்ஸ்ஃபேஸ், பிறகு ஈல், பிறகு லயன், கடைசில ட்ரிக்கர். இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிற குணம் யாருக்கு அதிகமோ அவன் கடைசி. லயனை சின்னதா 4 இன்ச்ல வாங்குங்க, மத்ததை அதை விட பெருசா வாங்குங்க. ஒவ்வொண்ணையும் தனியா ஒரு டேங்க்ல குறைஞ்சது நாலு வாரம் வச்சுப் பாத்துட்டு தான் மெயின் டேங்க்குக்கு. காப்பர் மருந்து போடணும்னு வந்தா ஈலுக்கும் லயனுக்கும் கண்ணை மூடிட்டு ஊத்தாதீங்க, அதுங்களுக்கு தாங்காது. கல்லு இருக்கிற மெயின் டேங்க்ல எந்த மீனுக்கும் ஊத்தவே ஊத்தாதீங்க.

கல்லுன்னதும் ஞாபகம் வருது, கடல்ல இருந்து எடுத்த கோரல் கல்லை யாராவது சீப்பா தர்றேன்னா வாங்காதீங்க. பவளப்பாறை 2001லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, வீட்டுல வச்சிருந்தாலே கேஸ். செராமிக் கல்லு போதும், மீனுக்கு வேண்டியது ஒளிய ஒரு பொந்து, அது எதுல செஞ்சதுன்னு அது பாக்காது.

கரண்ட் விஷயத்துல நான் பட்டதையும் சொல்லிர்றேன். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ எங்க ஏரியால நாலு நாள் கரண்ட் இல்ல, இன்வெர்ட்டர் ஒரு ராத்திரிலயே படுத்துருச்சு. முதல்ல போனது சின்ன மீனுங்க இல்ல, பெருசுங்க தான், ஒவ்வொண்ணா மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடி. பெரிய உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேணும், சூடான தண்ணில ஆக்சிஜன் நிக்காது, மே மாசம் சில்லர் நின்னா இன்னும் மோசம். பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வச்சிட்டு அப்புறம் மீன் வாங்குங்க.

பையனுக்கு ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க. லயனுக்கு பெருசா விரிச்சு இருக்கிற பக்க ரெக்கைல விஷம் இல்ல. முதுகுல 13, வயித்துப்பக்கம் 2, பின்னாடி 3, இந்த 18 முள்ளுல தான் விஷம். குத்துனா கொல்ற அளவுக்கு பொதுவா போகாது, ஆனா வலி உயிரை எடுத்துரும், எனக்கு ஒருதடவை கட்டை விரல்ல பட்டு முழங்கை வரைக்கும் எரிஞ்சுது. குத்துன இடத்தை கை தாங்குற சூட்டுல வெந்நில அரை மணியிலேர்ந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் வைக்கணும், அந்த விஷம் புரோட்டீன், சூட்டுல கெட்டுப்போகும். தண்ணி சூட்டை குத்தாத கையால தொட்டுப் பாத்துட்டு வைங்க, மரத்துப்போன கையை வேக வச்சிராதீங்க. அப்படியே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க, மூச்சு திணறுனா வெந்நிக்கெல்லாம் நிக்கவே வேணாம், உடனே கிளம்புங்க.

சாப்பாட்டுல லயனுக்கு கோல்ட்ஃபிஷ், மோலி எல்லாம் போட்டு பழக்காதீங்க, நன்னீர் மீனோட கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துக்காது, கோல்ட்ஃபிஷ்ல தயமினேஸ்னு ஒண்ணு இருக்கு, அது வைட்டமின் பி1ஐ அழிச்சிரும். காசிமேட்டுல கணவாய், இறால், சின்ன கடல் மீன் வாங்கி துண்டு போட்டு ஃப்ரீசர்ல வச்சுக்கோங்க. வளர்ந்த லயனுக்கு வாரத்துக்கு மூணு தடவை போதும், ட்ரிக்கருக்கு தினமும். ட்ரிக்கருக்கும் ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் முதல்ல ஒரு ஓரத்துல போட்டு அங்க பிஸியாக்கிட்டு, இந்தப்பக்கம் லயனுக்கு நீளமான குச்சில துண்டை சொருகி மீன் நீந்துற மாதிரி மெதுவா ஆட்டுங்க. வந்த புதுசுல முறைச்சு பாத்துட்டு போயிரும், நாலஞ்சு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது, தினமும் அதே நேரம் அதே மூலைல ஆட்டுங்க. எடுக்க ஆரம்பிச்சதும் பையனைக் கூப்பிட்டு காட்டுங்க, குச்சி மட்டும் உங்க கைல இருக்கட்டும்.