காது கேளாத தம்பிக்குத் தொழிற்பயிற்சி

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் தம்பிக்குக் காது கேட்காது. செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறான். கட்டணம் செலுத்த எங்களுக்கு வசதியில்லை. என்ன வழி? – வாசகி, செங்கம்.

பதில்: உங்கள் மாவட்டத்தில் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை முதலில் அணுகுங்கள். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி அமைப்பை முன்மாதிரியாகக் கொண்ட இந்நிறுவனங்கள், 18 வயது நிரம்பிய கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சி, உணவு, தங்குமிடம் மூன்றையும் இலவசமாக அளிப்பதோடு, பயிற்சி முடிந்த பின்னரும் இரண்டு ஆண்டுகள் தொடர்பில் இருந்து, வங்கிக் கடன் பெறவும் துணைநிற்கின்றன. சான்றிதழைவிட இந்தத் தொடர் துணையே பெரிது என்பது என் கருத்து.

பயிற்சியாளர் வாய்மொழியாகவே கற்பித்தால் தம்பியால் பின்தொடர இயலாது என்பதால், சைகை மொழிபெயர்ப்பாளரோ எழுத்து வடிவப் பாடங்களோ கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே எழுத்துமூலம் கேளுங்கள். காது கேளாதவர் என்று கூறித் திருப்பி அனுப்பினால் தயங்கி வந்துவிடாதீர்கள். பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கவும், பயிற்சிக்குத் தேவையான உதவிகளைச் செய்துதரவும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 19-ஆம் பிரிவு அரசைக் கடமைப்படுத்துகிறது.

சொந்தக் கடையைவிட மாதச் சம்பள வேலையை அவர் விரும்பினால், கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வேலையில் அமர்த்தும் மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா திட்டத்தைப் பற்றியும் விசாரியுங்கள். அதில் பொது வயது வரம்பு 35, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே விசாரித்து விண்ணப்பித்துவிடுங்கள்.