காரணமே சொல்லாமல் போலீஸ் பையைத் திறக்கச் சொன்னால் மறுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூரில் ராத்திரி மோட்டாரை நிறுத்தி, பையையும் ஹேண்ட்போனையும் காட்டச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்லலாமா?

பதில்: உங்களுக்கு இருபத்து மூணு, நாலு வயசு இருக்கும், வேலை முடிஞ்சு லேட்டா வீடு திரும்புறவர்னு நினைக்கிறேன். அந்த வயசுல நானும் மாட்டினேன்.

நான் ஏர்கான் ரிப்பேர்காரன். 2015-ல் ஒரு ராத்திரி பதினோரு மணி, ஜாலான் ஈப்போ. சாதாரண உடுப்புல ரெண்டு பேர் மறிச்சாங்க. ஐசியை, அதான் அடையாள அட்டையை, கொடுத்தேன், அது கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். அவங்க போலீஸ் கார்டைக் கேட்டேன். மஞ்சள். அப்படின்னா இன்ஸ்பெக்டருக்குக் கீழே. நீலம்னா இன்ஸ்பெக்டரும் மேலேயும். சிவப்புன்னா சஸ்பெண்ட் ஆனவர்.

பையில பைப் கட்டர், பெரிய ஸ்குருடிரைவர் ரெண்டு, ஒரு இரும்புப் பார். "ஏர்கான் வேலை, துவான்." "இந்நேரத்துக்கா?" அடுத்து ஹேண்ட்போனைத் திறன்னாங்க. என்ன குத்தம்னு கேட்டேன். "லு லாயர் கா?" (நீ என்ன லாயரா?)ன்னு சிரிச்சாங்க.

விடிய விடிய பாலாய்ல, அதாவது போலீஸ் ஸ்டேஷன்ல, பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். கைதா இல்லையான்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. காலையில தவுக்கே, என் முதலாளி, வந்து ஜாப் ஷீட்டைக் காட்டினார். வீட்டுக்காரம்மா கையெழுத்து, பக்கத்துல நேரம் 10.15. அதுக்கப்புறம்தான் விட்டாங்க. அப்பா போலீஸை ஒண்ணும் சொல்லல, "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா"ன்னு எனக்குத்தான் ஏச்சு.

போலீஸுக்கு எதிரா எழுதறேன்னு யாரும் கிளம்பிடாதீங்க, என் மாமா மகனே போலீஸ்தான். அவங்க சந்தேகப்பட்டதுலயும் ஒரு நியாயம் இருந்தது. படத்துல வர்ற 'புரொபபிள் காஸ்' அமெரிக்கச் சட்டம். இங்க வாரண்ட் இல்லாம கைது பண்ண 'நியாயமான சந்தேகம்' போதும்னு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 23-வது பிரிவு சொல்லுது. வீடு உடைக்கிற சாமான் கையில இருந்தா, அது எதுக்குன்னு நிரூபிக்கிற பொறுப்பு நம்ம தலையிலன்னும் அதே பிரிவுல இருக்கு. அதனால பையைக் காட்டச் சொன்னா சண்டை போடாதீங்க, கையைத் தட்டிவிடாதீங்க. ஹேண்ட்போன் வேற கதை. சோதனையில கம்ப்யூட்டர் தகவலைப் பார்க்கிற அதிகாரத்தை அதே சட்டத்தோட 116பி பிரிவு இன்ஸ்பெக்டருக்கும் அதுக்கு மேலே உள்ளவங்களுக்கும்தான் கொடுக்குது. மஞ்சள் கார்டுக்கு இல்ல.

கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "சாயா கெனா தங்காப் கா?" (என்னைக் கைது பண்றீங்களா?) இல்லைன்னா, போகலாமான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க. ஆமான்னா, 28ஏ பிரிவுப்படி காரணம் சொல்லணும், விசாரிக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கும் லாயருக்கும் போன் பண்ண விடணும். கூட்டாளி தப்பிப்பான், ஆதாரம் அழியும்னு அதிகாரி நினைச்சா மறுக்கலாம். அந்த ஓட்டையும் உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல வைக்கணும்னா மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போகணும், அது அரசியலமைப்புச் சட்டத்துலயே இருக்கு. இதுல ஒண்ணாவது அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா!

போலீஸையாவது விடுங்க, இந்த கொண்டோ ஜாகாக்களை, அதான் அடுக்குமாடி வாசல் காவலாளிகளை, யார் கேட்கிறது? ஐசியைப் பிடிச்சு வைக்க அவங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. போன மாசம் ஒருத்தர் என் ஐசியை வாங்கி பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டார். வேலை முடிஞ்சு இறங்கி வந்தா ஷிப்ட் மாறியிருக்கு, டின்னையே காணோம். ஐசி தொலைஞ்சதுக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்) அபராதம் கட்டினது நான்தான்.