60 ஆயிரம்னு சொல்ற சென்னை வேலை, கையில எவ்வளவு வரும்?

வந்த கேள்வி இதுதான்:

"வணக்கம் அண்ணாச்சி. எனக்கு 31 வயசு, நெல்லை பெருமாள்புரத்துல அப்பா கட்டுன வீட்ல எல்லாரும் ஒண்ணா இருக்கோம். இங்கன ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கேன், பிஎஃப் எல்லாம் போக 28,000 வருது. வீட்டம்மா பிஎட் முடிச்சவ, பாளையங்கோட்டையில ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், அவளுக்கு 14,000. பையன் எல்கேஜி. இப்ப கிண்டியில ஒரு கம்பெனி வருஷம் 7.2 லட்சம் தாரேன்னு சொல்லுது, மாசம் 60,000. தாம்பரம் பக்கம் விசாரிச்சதுல ரெண்டு பெட்ரூம் வீடு 15,000, அட்வான்ஸ் ஆறு மாசம் கேக்காங்க. இங்க மாசம் 26,000 செலவு போக 16,000 மிச்சம் பிடிக்கோம். சம்பளம் ரெண்டு மடங்குக்கு மேல, போயிரலாம்னு தோணுது. அப்பா வேண்டாங்காரு. ஒரு வாரத்துல பதில் சொல்லணும், என்ன செய்ய?"

தம்பி, நான் வண்ணார்பேட்டையில உக்காந்து பதினெட்டு வருஷமா நாலஞ்சு கம்பெனிக்கு சம்பளப் பட்டியல் போட்டுக் குடுத்துட்டு இருக்கவன், அதனால எனக்கு உங்க கேள்வியில மொதல்ல கண்ணுல பட்டது 60,000-ங்கிற நம்பர்தான், அது உங்க சம்பளம் கிடையாது. 7.2 லட்சத்தை 12-ஆல வகுத்தா வர்ற நம்பர் அது, அவ்வளவுதான். சிடிசின்னா கம்பெனிக்கு உங்களால ஆகுற மொத்தச் செலவு, அதுல உங்க கைக்கே வராத அயிட்டம் நாலு இருக்கும்.

நீங்க அனுப்புன ஆஃபர் லெட்டரைப் பாத்தேன், பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாசம் 30,000. கம்பெனி பங்கு பிஎஃப் 12 சதவீதம், வருஷத்துக்கு 43,200, அது சிடிசிக்குள்ளதான் இருக்கு. கிராஜுவிட்டின்னு, அதாவது வேலையை விட்டுப் போறப்ப தர்ற பணிக்கொடைன்னு, 17,316 போட்டுருக்காங்க, பேசிக்ல 4.81 சதவீதம், அஞ்சு வருஷம் அங்கன குப்பை கொட்டுனாதான் அது உங்களுக்கு. இன்சூரன்ஸ் பிரீமியம் 12,000. அப்புறம் வேரியபிள் பே 72,000, வருஷக் கடைசியில கம்பெனியும் நீங்களும் நல்லா இருந்தா வரும். இதையெல்லாம் கழிச்சா மிஞ்சுறது 5,75,484, மாசம் 47,957. அதுல உங்க பங்கு பிஎஃப் 3,600 போகும், தொழில் வரி ஆறு மாசத்துக்கு 1,250, அதை மாசத்துக்குப் பிரிச்சா 208. ஆக கையில 44,100 சொச்சம். வருமான வரியைப் பத்தி கவலை வேண்டாம், 2025-26-ல இருந்து புது முறையில சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதனால வாடகை ரசீது வாங்கி எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) கணக்கு காட்டுற வேலையும் உங்களுக்கு இல்ல.

இப்ப 60,000 எங்க, 44,100 எங்க. சரி, அப்பவும் 28,000-த்தை விட 16,000 கூடுதல்தானேன்னு கேப்பீங்க. எல்லாரும் வழுக்குற இடம் அதுதான். நெல்லையில உங்களுக்கு ரெண்டு சம்பளம் வருது தம்பி, ஒண்ணு கம்பெனி தருது, இன்னொண்ணு வீடு தருது. பெருமாள்புரத்துல அந்த வீட்டை வாடகைக்கு விட்டா என்ன வரும்னு பக்கத்து வீட்ல கேட்டுப் பாருங்க, அந்தக் காசை நீங்க மாசாமாசம் வாங்கிட்டுதான் இருக்கீங்க. பன்னெண்டரைக்கு எல்கேஜி விட்டதும் பையனைக் கூட்டிட்டு வந்து சோறு ஊட்டித் தூங்க வைக்கிற ஆச்சிக்கு நீங்க சம்பளம் குடுக்கல. அரிசி ஊர் வயல்ல இருந்து வருதா, மகாராஜநகர் உழவர் சந்தையில அப்பா காலையில போய் காய் வாங்கிட்டு வாராரா, கரண்ட் பில்லை அவரே கட்டிருதாரா, இது ஒண்ணும் உங்க 26,000 கணக்குல ஏறியிருக்காது. சென்னைக்குப் போன அன்னைக்கு இதுல ஒவ்வொண்ணுக்கும் விலை ஒட்டிருவாங்க.

நான் போட்ட கணக்கு இது, உங்க செலவுப் பழக்கத்துக்குத் தக்கபடி மாத்திக்கோங்க. வாடகை 15,000, மெயின்டனன்ஸ் 1,500. மளிகை, பால், காய், கேஸ், கேன் தண்ணி எல்லாம் 11,000 (தாமிரபரணி தண்ணி குடிச்ச நாக்குக்கு அங்க போர் தண்ணியைக் குடிக்க முடியாது, கேன் வாங்கித்தான் ஆகணும், நான் போனப்ப மொத மாசம் காப்பியே இறங்கல). கரண்ட், நெட், போன் 2,500. இதுல ஒரு விஷயம், வீட்டுக்குத் தனி மீட்டரான்னு கேட்டுக்கோங்க, தனி மீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும், சப் மீட்டர்னா யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஓனரே ஒரு ரேட்டு வச்சிருப்பாரு, அது எப்பவும் கூடத்தான் இருக்கும். ஸ்கூல் ஃபீஸ் வேனோட 5,000. நீங்க போய் வர 2,000, தாம்பரம் டு கிண்டி மின்சார ரயில் சீசன் டிக்கெட் எடுத்தா இன்னும் குறையும். ஊருக்கு வந்து போக சராசரியா 3,000. மருந்து, மாத்திரை, துணிமணி, கல்யாணம் காதுகுத்து 4,000.

கூட்டுங்க. 44,000.

மாசக் கடைசியில கையில நூறு ரூவா. நான் வேணும்னே இழுத்து வச்சுப் போடல, ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், பிஎஃப் உங்க காசுதான். இப்ப இருக்க கம்பெனி 15,000-க்கு மட்டும் கணக்கு பண்ணி 1,800 பிடிச்சு 1,800 போடுது, அங்க ரெண்டு பக்கமும் 3,600. அதாவது பிஎஃப்ல மாசம் 3,600 கூடுதலா சேருது (கம்பெனி பங்குல 1,250 மட்டும் பென்ஷனுக்குப் போயிரும், அது இங்கயும் அங்கயும் ஒண்ணுதான்). வேரியபிள் முழுசா வந்தா அதுவும் மாசத்துக்கு 6,000 மாதிரி, ஆனா வராத காசை வச்சு வாடகை பேசக் கூடாது. அப்படிப் பாத்தா இங்க 16,000 மிச்சம், அங்க 3,700. இடையில 12,300 பள்ளம்.

அந்தப் பள்ளம் ஏன் வந்துச்சுன்னு பாருங்க. வாடகையாலன்னு சொல்லுவாங்க, பாதி சரி. மீதி பாதி உங்க வீட்டம்மாவோட 14,000. நீங்க லெட்டர்ல ரெண்டு மடங்கு சம்பளம்னு எழுதியிருக்கீங்க, ஆனா இப்ப வீட்டுக்குள்ள வர்றது 28,000 இல்ல, 42,000. அதுக்கும் 44,100-க்கும் இடையில எவ்வளவு இருக்கு? நூத்துக்குத் தொண்ணூறு பேர் இடம் மாறுறப்ப தன்னோட பழைய சம்பளத்தையும் புதுச் சம்பளத்தையும் மட்டும்தான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காங்க, பொம்பளை சம்பளம்னா ஏதோ சில்லறை மாதிரி, போனா போகுது அங்க போய்ப் பாத்துக்கலாம்னு. அவங்களுக்கு அங்க ஒரு ஸ்கூல்ல 18,000-க்கு வேலை கிடைச்சு, மத்தியானம் பையனைப் பாத்துக்கிற இடத்துக்கு 5,000, பஸ்ஸுக்கு ஆயிரம் போச்சுன்னா 12,000 நிக்கும். 3,700-உம் 12,000-உம் 15,700, கிட்டத்தட்ட இப்ப பிடிக்கிற மிச்சம் வந்துருச்சு. அப்ப இந்த ஆஃபரை ஒத்துக்கலாமா வேண்டாமாங்கிறதை முடிவு பண்றது உங்களுக்குக் கிடைச்ச வேலை இல்ல, உங்க வீட்டம்மாவுக்கு அங்க கிடைக்கிற வேலை.

இதுக்கு முன்னாடி ஒரே தடவை ஆகுற செலவு ஒண்ணு இருக்கு. அட்வான்ஸ் 90,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, சாமான் வண்டி, ஸ்கூல் அட்மிஷன், போன உடனே வாங்குற கொடிக்கயிறுல இருந்து கட்டில் வரைக்கும், 1.5 லட்சம் இல்லாம கிளம்ப முடியாது. உங்களோட ஒன்பது மாச மிச்சம் அது. வாடகைக்கு 2017-ல வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அட்வான்ஸ் மூணு மாசம்ங்குது, அதைச் சொல்லி பேரம் பேசிப் பாருங்க, ஆனா ஓனர் இந்த வீடு இல்லன்னா இன்னொருத்தருக்குன்னு போயிருவாரு. நான் முன்ன சென்னையில வீடு காலி பண்ணப்ப பெயிண்ட் அடிக்கணும்னு ஒரு மாச வாடகையை எடுத்துட்டுதான் மிச்சத்தைத் தந்தாங்க, சுவத்துல ஒரு ஆணி கூட நான் அடிக்கல, கேலண்டரைக் கூட ஜன்னல் கம்பியிலதான் மாட்டியிருந்தேன். அதனால பெயிண்ட் யார் செலவுங்கிறதை அக்ரிமெண்ட்லயே எழுதச் சொல்லுங்க. அட்வான்ஸுக்காக பழைய பிஎஃப்ப உருவாதீங்க, அதே யூஏஎன் நம்பர்ல (கம்பெனி மாறுனாலும் மாறாத உங்க பிஎஃப் நம்பர்) புதுக் கம்பெனிக்கு மாத்திவிட்டுருங்க, சர்வீஸும் விட்டுப் போகாது.

இன்னொரு வழி, மொத ஆறு மாசம் நீங்க மட்டும் போறது. புரொபேஷனும் (வேலை நிரந்தரமாகுறதுக்கு முன்னாடி இருக்க சோதனைக் காலம்) ஆறு மாசம்தானே போட்டுருக்கு. சாப்பாட்டோட பிஜி, அதாவது ஹாஸ்டல் மாதிரி தங்குற இடம், 8,000, போக வர 1,500, மாசம் ரெண்டு தடவை ஊருக்கு வர 3,500, கைச்செலவு 3,000, மிச்சம் 28,100 வீட்டுக்கு அனுப்பலாம். அதாவது இப்ப தர்ற அதே காசு. நீங்க இல்லாததால வீட்டுச் செலவு 26,000-ல இருந்து 22,000 ஆச்சுன்னா மிச்சம் 20,100, பிஎஃப் கூடுதலையும் சேத்தா இப்ப இருக்கதை விட 7,700 கூட. பிள்ளையை மாசத்துல நாலு நாள் மட்டும் பாக்குறதுக்கு 7,700 ரூவா, அது போதுமான்னு நீங்கதான் சொல்லணும். எனக்குக் கேட்டா ஆறு மாசத்துக்கு ஓகே, ரெண்டு வருஷத்துக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே வண்டியில திரும்பி திங்கக்கிழமை தாம்பரத்துல இறங்கி நேரா ஆபீஸ் போற ஆளுங்க நிறைய பேரு இருக்காங்க, மொத மூணு மாசம் ஜாலியா இருக்கும், அப்புறம் முதுகு சொல்லும். டிக்கெட்டும் 2024 நவம்பர்ல இருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கு, தீபாவளி பொங்கல்னா காலையில எட்டு மணிக்கு விரலை வச்சுட்டு உக்காரணும், விட்டா ஆம்னி பஸ்தான், அதுவும் இப்ப கிளாம்பாக்கத்துல இருந்து. தாம்பரம் பக்கம் வீடு பாத்தது அந்த வகையில நல்ல யோசனை.

அப்பா ஏன் வேண்டாங்காருன்னு கேட்டீங்களா? அவருக்கு வயசாகுது, ராத்திரி ஒரு நெஞ்சு வலின்னா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக யார் இருக்காங்கிறது அவர் கணக்கு. அந்த 12,000 இன்சூரன்ஸ்ல அப்பா அம்மா உண்டான்னு பாருங்க, பல கம்பெனியில பொண்டாட்டி பிள்ளைக்கு மட்டும்தான்.

அப்ப போகவே வேண்டாமான்னா, நான் அப்படிச் சொல்லல. நெல்லையில அக்கவுண்ட்ஸ்ல வருஷத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம் ஏறுறதை நானே என் கையால பட்டியல்ல டைப் பண்ணிட்டு இருக்கேன். 31 வயசுல போய் மூணு வருஷம் பெரிய கம்பெனியில வேலை பாத்தா அடுத்த வேலைக்குப் பேச ஒரு தெம்பு இருக்கும், அது மாசக் கணக்குல தெரியாது. ஆனா அதுக்காகத்தான் போறோம்னு தெரிஞ்சு போங்க, 60,000-க்காகப் போறோம்னு நினைச்சுப் போகாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது. எச்ஆருக்கு மெயில்லதான் கேளுங்க, போன்ல வேண்டாம், போன்ல சொன்னது காத்துல போயிரும். மாசம் கையில வர்றது எவ்வளவுன்னு ஒரு மாதிரி சம்பளச் சீட்டு அனுப்பச் சொல்லுங்க. வேரியபிளை ஃபிக்ஸடுல, அதாவது மாசாமாசம் நிச்சயமா வர்ற சம்பளத்துல, சேக்க முடியுமான்னு கேளுங்க, இது முக்கியம், ஏன்னா வீட்டம்மா வேலைக்குப் போகாமலே, பிஎஃப்பைக் கணக்குல சேக்காம, இப்ப இருக்க மிச்சம் நிக்கணும்னா கையில 60,000 வரணும், இதே அமைப்புல அதுக்கு 9.8 லட்சம் சிடிசி ஆகும், வேரியபிள் இல்லாம முழுசும் ஃபிக்ஸடுன்னா 8.6 லட்சத்துலயே வந்துரும். நேரா 9.8 கேட்டா சிரிப்பாங்க, 8.6 கேட்டு எட்டுக்கு வந்தாலும் உங்களுக்கு லாபம். இடம் மாறுற செலவுக்கு ஏதும் தருவாங்களான்னு கேளுங்க, தந்தா ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா திருப்பிக் கட்டணும்னு கீழ ஒரு வரி இருக்கும், அதைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. திருத்துன லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி இங்க ராஜினாமா லெட்டர் குடுத்துராதீங்க.

அந்த மெயில் போற அன்னைக்கே இன்னொரு வேலை, உங்க வீட்டம்மாவோட பிஎட் சர்டிபிகேட்டு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி தாம்பரம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை பக்கம் ஒரு பத்து ஸ்கூலுக்கு அனுப்பிப் பாருங்க. எச்ஆர்ட்ட இன்னும் பத்து நாள் டைம் கேளுங்க, பெரும்பாலும் தருவாங்க. ஸ்கூல்ல இருந்து ரெண்டு போனாவது வந்தா அப்பாட்ட பேசுறதுக்கும் உங்ககிட்ட ஒரு கணக்கு இருக்கும்.