நியூயார்க் சிட்டி ஹால் பூங்காவுக்கு அடியில் மூடிக் கிடக்கும் சுரங்க ரயில் நிலையத்தைப் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒரே நாளில். ஆனால் அங்கே இறங்க முடியாது.

மன்ஹாட்டனில் தெற்கே போகும் 6-ஆம் எண் ரயிலில் ஏறுங்கள். புரூக்ளின் பிரிட்ஜ் – சிட்டி ஹால் வந்ததும் கடைசி நிறுத்தம் என்று அறிவிப்பார்கள். எல்லோரும் இறங்குவார்கள், நீங்கள் உட்கார்ந்திருங்கள். வண்டி வடக்கே திரும்ப வேண்டுமே, அதற்கான வளையப் பாதை அந்தப் பழைய ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது. வலப்பக்க ஜன்னல் முக்கியம். பகலில் போங்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமாவைக் கூட்டிப் போனேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறிவிப்பைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "எறங்கு மாப்ளே, ஷெட்டுக்குக் கொண்டுபோயிடுவான்." கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கதவு சாத்தியது. சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் காதைக் கிழிக்கும் சத்தம். பிறகு அரையிருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள், பச்சையும் வெள்ளையுமாக ஓடுகள், மேலே கண்ணாடிக் கூரைத் திறப்பு. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

1904 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில் புறப்பட்ட இடம் இது. மேயர் மெக்லெல்லன் வண்டியைச் சும்மா கிளப்பி வைக்க வந்தவர். கைப்பிடியை விட மனசில்லாமல் 103-ஆம் தெரு வரை தானே ஓட்டிக்கொண்டு போனார்! மேலே இருப்பது நகர மன்றக் கட்டடமும், 1776 ஜூலையில் வாஷிங்டனின் படைக்குச் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட பூங்காவும். அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரி ஸ்டேஷனை இழைத்துக் கட்டினார்கள். கூரை, ஸ்பெயினிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் குவாஸ்டவினோவின் முறை: மெல்லிய ஓடுகளைச் சீக்கிரம் இறுகும் சாந்தில் அடுக்கடுக்காக ஒட்டினால் வளைவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்.

ஏன் மூடினார்கள் என்பதை நான் சொல்லுமுன் மாமா சொல்லிவிட்டார். "பிளாட்பாரம் இப்படி வளைஞ்சிருந்தா நடுக் கதவுல எறங்குறவன் கால் உள்ள போயிடும்." சாப்பாட்டுத் தட்டின் உள்விளிம்பில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒட்டும், நடுவில் இடைவெளி விழும். பழைய பெட்டிகளுக்குக் கதவு முனைகளில் மட்டும் இருந்ததால் தொல்லையில்லை. நடுவிலும் கதவு வைத்த பெட்டிகள் வந்தன, ரயிலும் நீண்டது. பிளாட்பாரத்தை நீட்டலாம்தான், ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டியும் நிற்கிற புரூக்ளின் பிரிட்ஜ் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது யார் செலவழிப்பார்கள்? கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 600 பேர்தான் வந்தார்கள். 1945 டிசம்பர் 31-உடன் மூடிவிட்டார்கள்.

அதனால் இதைக் 'கைவிடப்பட்ட' ஸ்டேஷன் என்று சொல்வது எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. பிளாட்பாரத்தைத்தான் கைவிட்டார்கள். தண்டவாளத்துக்கு இன்றும் ஓய்வில்லை.

உள்ளே நடந்து பார்க்க வேண்டுமென்றால் நியூயார்க் டிரான்சிட் மியூசியத்தில் உறுப்பினராகி, அவர்கள் நடத்தும் சுற்றுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மியூசியத்துக்காவது போங்கள். அது இருப்பதே புரூக்ளினில் 1946-இல் மூடிய இன்னொரு சுரங்க ஸ்டேஷனுக்குள்.

அன்றைக்கு ரயிலில் இரண்டாவது சுற்று மாமா கேட்டது. இந்தத் தடவை ஜன்னலோரம் அவருக்கு.