வாசகர் கேள்வி: காட்டின் கணக்கை யார் கட்டுவது?

கேள்வி: பூங்காவுக்குப் போனால் குரங்குக்கோ மானுக்கோ கையிலிருப்பதைக் கொடுக்கிறோம். அன்பில் செய்வதுதானே, அதில் என்ன தப்பு?
(இரண்டு குழந்தைகளின் தாய்)

பதில்: அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது விலங்கு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு காலத்தில் கரடிகள் குப்பை மேட்டில் தின்பதை மக்கள் வரிசையாக உட்கார்ந்து பார்க்க இருக்கைகளே போட்டிருந்தார்கள். சாலையோரம் காரை நிறுத்தி ஊட்டுவதும் சகஜம். 1970 வாக்கில் குப்பை மேடுகளை மூடினார்கள். மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிப்போன கிரிஸ்லி கரடிகள் கூடாரங்களைத் தேடி வந்தன. ஆபத்து என்று பலவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. 1975-இல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான விலங்குகள் பட்டியலில் அவற்றைச் சேர்த்தார்கள். குழந்தைகளிடம் இந்தக் கரடிக் கதையைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: காட்டோரம் வசிப்பவர்கள்தான் மரம் வெட்டுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள். அவர்களை மொத்தமாக வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளாதா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது. அந்த ‘மொத்தமாக’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

களப்பணியில் இருந்தபோது ஒரு விவசாயியின் பரணில் ஓர் இரவு தங்கினேன். நாலு கம்பு, மேலே கூரை, ஏற ஒரு ஏணி. அவர் கையில் ஒரு தகர டின்னும் கட்டையும். இரண்டு மணி வாக்கில் யானைகள் வந்தன. முதலில் வாசனைதான் வந்தது, அப்புறம் பயிர் ஒடியும் சத்தம். டின்னைத் தட்டினார், கத்தினார், கடைசியில் குரல் கம்மிப்போய் வெறுமனே நின்றார். வயலில் ஒரு மூலை முழுக்கப் போய்விட்டது. விடிந்ததும் இறங்கிப் போய், ஈரமண்ணில் பதிந்திருந்த ஒரு யானைத் தடத்துக்குள் தன் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். “பெரிய உசுரும்மா” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

யானை பிடிக்குமா என்று யாரைக் கேட்டாலும் பிடிக்கும் என்பார்கள். தொலைவில் இருக்கும் நமக்கு அப்படிச் சொல்வதில் ஒரு செலவும் இல்லை. மொத்தச் செலவும் பரணில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது. என் கவலையெல்லாம் அதுதான்.

நீங்கள் சொல்வது புது யோசனையும் அல்ல. 1872-இல் யெல்லோஸ்டோனை உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகளை அடுத்து வந்த ஆண்டுகளில் அகற்றினார்கள். பிறகு எத்தனையோ நாடுகள் அதே வழியில் போயின. வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவருக்கு உள்ளே இருக்கும் மிருகம் அரசாங்கத்தின் சொத்து. அதை யார் கொன்றால் அவருக்கென்ன?

நேபாளத்தின் சித்வன் பூங்கா 1973-இல் தொடங்கியது, ராணுவக் காவலோடுதான் வளர்ந்தது. 1990-களில் சட்டத்தை மாற்றி, பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள ஊர்களின் வளர்ச்சிக்குப் போகும்படி செய்தார்கள். அந்த நாட்டில் 2009-இல் 121 புலிகள், 2022-இல் 355. இதற்கு வருமானப் பங்கு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், காவலும் கடுமையாக இருந்தது. புலி பெருகப் பெருக மனிதர்கள் தாக்கப்படுவதும் கூடியிருக்கிறது. அந்தப் பங்கு நியாயமாகப் போய்ச் சேர வேண்டியது இப்போதுதான் இன்னும் அவசியம்.

நமீபியாவில் 1980-களில் வறட்சியும் கள்ள வேட்டையும் சேர்ந்து காண்டாமிருகங்களையும் யானைகளையும் அழித்துக்கொண்டிருந்தன. ஊர்த் தலைவர்களே உள்ளூர் ஆட்களைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்களும் உண்டு. தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே! 1996-இல் வனவிலங்குகளால் வரும் பலனில் ஊர்ச்சமூகங்களுக்குச் சட்டப்படி உரிமை கிடைத்தது.

எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடப்பதில்லை. பணம் நாலு பேர் கையிலேயே நின்றுவிடுவதுண்டு. இழப்பீடு அடுத்த விதைப்பு முடிந்த பிறகு வருவதுண்டு. தாமதமாக வரும் இழப்பீட்டால் அந்தப் பரண்காரருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பூங்காவுக்காகக் குரல் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் நகரத்தில் படிக்கிறேன். காட்டுப் பக்கமே போனதில்லை. என்னால் என்ன ஆகும்?
(கல்லூரி மாணவி)

பதில்: நிறைய ஆகும். ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் ஒரு பூச்சி ஆர்வலர் சங்கம் இருக்கிறது. பெரும்பாலானோர் சம்பளம் வாங்காமல் ஆசைக்காகச் செய்பவர்கள். கூடாரம் போன்ற வலைகளைப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் வைத்து, விழும் பூச்சிகளை எடை போட்டுக் குறித்து வந்தார்கள். 27 வருடக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017-இல் அது வெளியானபோதுதான் உலகம் திடுக்கிட்டது. வேலி போட்ட இடத்திலேயே இந்தக் கதி!

பார்த்த பறவை, பூச்சி, செடிகளைப் பதிந்துவைக்க ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் என்று செயலிகள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஒரே மரத்தை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் பாருங்கள். வந்ததை எழுதுங்கள், எதுவும் வராத நாளையும் எழுதுங்கள். விடாமல் செய்வதில்தான் அதன் பலன் இருக்கிறது.

கேள்வி: மக்கள் மனம் மாற ஒரு தலைமுறையாவது ஆகாதா?
(பள்ளி ஆசிரியர்)

பதில்: ஒரே வருடத்தில் மாறிய ஊர் இருக்கிறது, ஐயா. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்துக்கு அமூர் வல்லூறுகள் ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் கூட்டமாக வரும். கையில் வைத்தால் 150 கிராம்தான் இருக்கும். வடகிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி, இங்கே இளைப்பாறி, கடல் தாண்டித் தென் ஆப்பிரிக்கா வரை போகிற பறவை அது. 2012-இல் அங்கே பல்லாயிரக்கணக்கில் வலைவிரித்துப் பிடித்துக் கொல்வது வெளியுலகுக்குத் தெரியவந்தது. பாங்டி உள்ளிட்ட ஊர்களின் சபைகளோடு ஆர்வலர்களும் தேவாலயமும் வனத்துறையும் உட்கார்ந்து பேசினார்கள். ஊர்சபைகளே தடை போட்டன. 2013-இல் வலை விரிக்கப்படவில்லை. அந்த ஆண்டு மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது ஒன்றுக்குப் ‘பாங்டி’ என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தப் பறவைகளை விற்றுத்தான் பல வீடுகளுக்கு அந்தப் பருவத்தில் பணம் வந்துகொண்டிருந்தது. அதை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பாராட்டு மட்டும் போதுமா? வல்லூறு பார்க்க மாணவர்களோடு எப்போதாவது போனீர்களானால், தங்குவது ஊர்க்காரர் வீட்டிலேயே இருக்கட்டும். வழிகாட்டிக்கும் அங்கேயே ஆள் கேளுங்கள். முன்பு வலை விரித்தவரே உங்களைக் கூட்டிப் போகலாம். பறவை எந்தக் கிளையில் அடையும் என்று அவருக்குத் தெரியும்.