மாநாட்டில் முதல் போஸ்டர்

கேள்வி: தாளவாடி மலையில் ஊராளிப் பழங்குடிக் குடும்பம் எங்களுடையது. நான்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறேன். மஞ்சள் கிழங்கழுகல் குறித்த என் ஆய்வை ஓர் அறிவியல் மாநாட்டில் போஸ்டராக (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, வருபவர்களுக்கு விளக்குவது) வைக்க ஏற்றிருக்கிறார்கள். எப்படித் தயாராவதுங்க? ஆங்கிலத்தில் பேசவும் பயமாக இருக்கிறது.
- மூன்றாமாண்டு மாணவி, ஈரோடு மாவட்டம்

பதில்: ரொம்பச் சந்தோஷம் கண்ணு. பணம் கட்டுவதற்கு முன்பே, கட்டணச் சலுகையும் பயணப்படியும் உண்டா என்று அமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். போஸ்டரை மாட்டும் போர்டு நெட்டுவாக்கிலா, அகலவாக்கிலா என்றும் அதிலேயே கேளுங்கள்.

போஸ்டருக்கு வழக்கமான ஏ0 தாளின் அளவு 84.1 × 118.9 செ.மீ. பவர்பாயின்ட்டில் முதலில் இந்த அளவை வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கடைசியில் மாற்றினால் எல்லாம் இடம் பெயரும். ஃப்ளெக்ஸ் கடையில் அடிக்கணக்கில் 3 × 4 என்று இழுத்துவிடுவார்கள். உயரத்தைவிட அகலம் சுமார் 6 சதவீதம் கூடுதலாக விரிந்து, படத்திலுள்ள அழுகல் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். 'பிடிஎஃப், நூறு சதவீதம், இழுக்க வேண்டாம்' என்று சொல்லி, அங்கேயே டேப் வைத்து அளந்து வாங்குங்கள். எழுத்து 28 புள்ளிக்குக் குறைந்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் படிக்கச் சிரமம். படங்களுக்குக் கீழே அளவுகோல் கோடு (படத்தில் எவ்வளவு நீளம் ஒரு செ.மீ. என்று காட்டும் கோடு) கட்டாயம்.

பேச்சுக்கு இரண்டு நிமிடம் போதும்: என்ன சிக்கல், என்ன செய்தீர்கள், எத்தனை கிழங்கில் என்ன கண்டீர்கள். அதை வாய்விட்டு இருபது முறை சொல்லிப் பாருங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பச் சொல்லக் கேட்கலாம், தவறே இல்லை. அழுகிய கிழங்கின் வாடையும் நிறமும் உங்கள் காட்டில் பார்த்தவை, அதை அறிந்தவர் அந்த அரங்கில் சிலரே இருப்பார்கள்.