ஷார்ட்கட் எங்கே போய் ஒளிந்துகொண்டது? – கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சின்ன அறையில் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். தைப்பூசம் நெருங்கினால் உறுமி மேளக் குழுக்கள், மற்ற நாளில் கல்யாணப் பாட்டு, விளம்பரக் குரல், தம்பிமார்களின் ராப். போன வாரம் நண்பர் ஒருவர், ஒலிப்பதிவு மென்பொருளில் தான் அமைத்து வைத்திருந்த ஷார்ட்கட் (ஒரு விசையைத் தட்டினாலே ஒரு வேலை நடக்கும் குறுக்குவழி) எல்லாம் காணாமல் போனதைச் சொல்லிப் புலம்பினார். "எனக்கும் அதே கதைதான்" என்று பலர் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். கீபோர்ட் என்றால் நம் தொழிலில் இரண்டு உண்டு. இங்கே பேசுவது கணினியின் கீபோர்ட். கீழே வரும் ரீப்பர், கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ எல்லாம் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள்கள்.

செந்தூல்: அண்ணே, விண்டோஸ் மெதுவாக இருக்கிறதென்று ஒரு கடையில் கொடுத்தேன். சுத்தமாக்கித் தருகிறோம் என்றார்கள். பாட்டுக் கோப்புகள் வேறு டிரைவில் இருந்ததால் தப்பின. ரீப்பரில் எட்டு வருஷமாகச் சேர்த்த ஷார்ட்கட் ஒன்றுகூட இல்லை. திரும்ப வருமா?

தம்பி, கடைக்காரர் செய்தது என்ன என்பதைப் பொறுத்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டிருந்தால் உடனே போய்ப் பழையதைக் கேட்டு வாங்குங்கள். குப்பையில் போடவில்லை என்றால் பிழைத்தீர்கள். யூஎஸ்பி உறை ஒன்றில் மாட்டினால் வெளி டிஸ்க் மாதிரி திறக்கும். அதே டிஸ்க்கில் அழிக்காமல் விண்டோஸை மேலே போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். வழக்கமாகப் 10 நாள்தான் அது இருக்கும், அப்புறம் விண்டோஸே அழித்துவிடும். ஆகவே இதைப் படித்து முடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

இரண்டில் எது கிடைத்தாலும் வழி ஒன்றுதான்: யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, ரோமிங், ரீப்பர். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். எக்ஸ்புளோரரின் 'வியூ' மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். கடைகள் "எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டு டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப்பை மட்டும் எடுப்பதற்கு இதுதான் காரணம். பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்த ஃபோல்டரில் 'ரீப்பர்-கேபி' என்ற ஐஎன்ஐ கோப்பு (அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) ஒன்று இருக்கும். உங்கள் எட்டு வருஷமும் அதற்குள்தான், சாதாரண எழுத்தாக. புதிய ரீப்பரில் 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் ரிசோர்ஸ் பாத்தை (அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தை) காட்டு என்றால் அது எந்த ஃபோல்டரைப் பயன்படுத்துகிறது என்று திறந்து காட்டும். ரீப்பரை மூடிவிட்டு, அங்கே இருப்பதை வேறு பெயருக்கு மாற்றி, பழையதைப் போடுங்கள். மூடாமல் போடாதீர்கள். அது கோப்பைத் திரும்ப எழுதினால் நீங்கள் போட்டது போச்சு. டூல்பார், மெனுவை மாற்றியிருந்தால் 'ரீப்பர்-மெனு' ஐஎன்ஐயையும் கையோடு கொண்டுவாருங்கள்.

எஸ்எஸ்டியையே முழுதாக அழித்து ஃபார்மட் செய்திருந்தால் ரெகவரி மென்பொருளுக்குக் காசு கொட்டாதீர்கள். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற வேலை நடக்கும். அழித்த இடத்தை அது நிஜமாகவே காலியாக்கிவிடும். பழைய சுழலும் டிஸ்க்கில் இருந்த வாய்ப்பு இதில் இல்லை.

அதே தம்பி, இரண்டு நாள் கழித்து: பழைய டிஸ்க் கிடைத்துவிட்டது அண்ணே! கோப்பையும் போட்டேன். பாதி ஷார்ட்கட்தான் வேலை செய்கிறது. மீதி அழுத்தினால் சும்மா இருக்கிறது.

எதிர்பார்த்ததுதான். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சில வரிகள் கீ என்று தொடங்கும், அவை விசைகள். சில ஆக்ட் என்று தொடங்கும், அவை நீங்கள் பல வேலைகளை ஒன்றாகக் கோர்த்த கஸ்டம் ஆக்‌ஷன்கள். எஸ்சிஆர் என்று தொடங்குபவை ஸ்கிரிப்ட்டுகள், அதாவது ரீப்பருக்குள் ஓடும் குட்டி நிரல்கள். விசை வந்துவிட்டது, அது கூப்பிடும் ஆள் வரவில்லை. எஸ்டபிள்யூஎஸ் என்ற இலவச இணைப்பு முன்பு போட்டிருந்தீர்களா? அநேகமாக ஆம். அதைத் திரும்ப நிறுவுங்கள். ஸ்கிரிப்ட்டுகளுக்குப் பழைய ரீப்பர் ஃபோல்டரில் உள்ள 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரை அதே பெயரில், அதே உள் அமைப்பில் கொண்டுவாருங்கள். இடம் மாறினால் கண்டுபிடிக்கத் தெரியாது.

எல்லாம் சரியான அன்றே பிரிஃபரன்சஸில் (மென்பொருளின் அமைப்புகளில்) 'ஜெனரல்' பக்கத்துக்குப் போய் கான்ஃபிகரேஷனை எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஒரு கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: கியூபேஸ் அடிக்கடி நின்றுபோனது. பிரிஃபரன்சஸை அழித்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். அழித்தேன். நிற்பது நின்றது, ஆனால் என் கீ கமாண்டும் (கியூபேஸில் ஷார்ட்கட்டுக்கு அதுதான் பெயர்) மேக்ரோவும் (ஒரே விசையில் பல வேலை) போய்விட்டன.

ஐயா, சளிக்கு மூக்கை அறுத்த மாதிரி ஆகிவிட்டது. கியூபேஸ் திறக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் பிடித்தால் ஒரு பெட்டி வரும். அதில் பிரிஃபரன்சஸை 'டிசேபிள்' செய்வது வேறு, 'டிலீட்' செய்வது வேறு. முதலாவது, கோளாறு அங்கேதானா என்று சோதிக்க மட்டும். எதையும் அழிக்காது. யோசனை சொல்பவர்கள் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. கியூபேஸ் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். ரோமிங்குக்குள் 'ஸ்டைன்பெர்க்' ஃபோல்டரைத் திறந்தால் நீங்கள் முன்பு வைத்திருந்த பதிப்பின் ஃபோல்டர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதில் 'கீ கமாண்ட்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பைத் தேடுங்கள். மேக்ரோவும் அதற்குள்தான். கீ கமாண்ட்ஸ் சாளரத்திலேயே இம்போர்ட் செய்யலாம். புதிய பதிப்பில் நீங்கள் சேர்த்தவை மட்டும் இருக்காது. மேக்ரோ ஏதாவது லாஜிக்கல் எடிட்டர் பிரிசெட்டை (கியூபேஸின் அந்தக் கருவியில் சேமித்து வைத்த அமைப்பை) கூப்பிட்டால், அந்தப் பிரிசெட்டையும் தனியாகக் கொண்டுவர வேண்டும்.

கெப்போங்: புது மேக்புக் வாங்கினேன். லாஜிக்கில் எஃப் விசைகளை அழுத்தினால் திரை வெளிச்சம் கூடுகிறது. கண்ட்ரோலோடு அம்புக்குறி அழுத்தினால் டெஸ்க்டாப் நகர்கிறது. லாஜிக்கை அழித்துத் திரும்பப் போடவா?

வேண்டவே வேண்டாம். லாஜிக் பாவம், அதற்கு அந்த விசை போய்ச் சேரவே இல்லை. நடுவில் மேக் பிடித்துக்கொள்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட் ஷார்ட்கட் பகுதிக்குப் போய் எஃப் விசைகளைச் சாதாரண விசையாக மாற்றுங்கள், டெஸ்க்டாப்பை நகர்த்தும் மிஷன் கண்ட்ரோலின் அம்புக்குறிகளை அணையுங்கள். நிஜமாகவே கீ கமாண்ட் தொலைந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய மேக்கில் மியூசிக் ஃபோல்டருக்குள் 'ஆடியோ மியூசிக் ஆப்ஸ்', அதற்குள் 'கீ கமாண்ட்ஸ்'. சேமித்து வைத்த தொகுப்புகள் அங்கே இருக்கும். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கவலையே இல்லை. மறைந்த லைப்ரரி ஃபோல்டரையும் அது சேர்த்தே எடுக்கும்.

பெட்டாலிங் ஜெயா: ஏபிள்டன் லைவில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு கிளிப் வைத்திருந்தேன். புதுப் பாட்டு திறந்தால் ஒன்றும் இல்லை.

தொலையவில்லை. கீ மேப்பில் (எந்த விசைக்கு எது என்ற அமைப்பில்) போட்டது அந்தந்த செட்டோடு, அதாவது லைவின் பாட்டுக் கோப்போடுதான் சேமிக்கப்படும். பழைய செட்டைத் திறந்தால் அங்கேயே இருக்கும். அதிலிருந்து தேவையில்லாததை நீக்கி டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டால் எல்லாப் பாட்டுக்கும் வரும்.

ரவாங்: எஃப்எல் ஸ்டூடியோவில் திடீரென்று எழுத்து விசைகள் ஷார்ட்கட்டாக வேலை செய்யாமல் பியானோ வாசிக்கின்றன.

கண்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அவ்வளவுதான்.

அம்பாங்: அண்ணா, நான் பாடல் வரி எழுதுகிறேன், நானே பதிவும் செய்கிறேன். சில நாள் எல்லா ஷார்ட்கட்டும் செத்துவிடும். கணினியை மூடித் திறந்தால் உயிர் வரும். வைரஸா?

தங்கச்சி, வரிகளைத் தமிழில் தட்டிவிட்டு அப்படியே பதிவுக்குத் தாவுகிறீர்கள், சரியா? கீபோர்ட் இன்னும் தமிழில் இருக்கும். எஸ் விசையை அழுத்தினால் மென்பொருளுக்கு ஒரு தமிழ் எழுத்து போய்ச் சேரும். அது என்ன செய்யும், திருதிருவென்று விழிக்கும். நம் ஊர் முத்து நெடுமாறன் செய்த அஞ்சல் விசைமுறை மேக்கிலேயே வருகிறது, நானும் அதில்தான் தட்டுகிறேன். இந்தக் குழியில் நானும் விழுந்தவன். ஒருநாள் ராத்திரி உறுமிக்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, ஷார்ட்கட் கெட்டுவிட்டதென்று நம்பி எல்லாவற்றையும் நானே ரீசெட் செய்தேன். பிறகுதான் திரையின் மூலையில் "அ" என்று தெரிந்தது.

விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். ஆல்ட்டோடு ஷிஃப்ட் அழுத்தினாலும் பல கணினிகளில் மாறிவிடும். ஆல்ட், ஷிஃப்ட் சேர்ந்த ஷார்ட்கட் நிறைய வைத்திருப்பவர்கள் தெரியாமலே தமிழுக்குப் போய்விடுவது இதனால்தான். மொழி அமைப்புகளில் அந்த ஜோடியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

காஜாங்: எங்கும் தேடிவிட்டேன். ஒரு கோப்பும் இல்லை. 140 ஷார்ட்கட். எங்கிருந்து தொடங்குவது?

தொடங்காதீர்கள். உட்கார்ந்து பட்டியல் போட்டால் முப்பதுக்கு மேல் ஞாபகம் வராது, அதிலும் பாதி தப்பாக இருக்கும். வழக்கம்போல ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். விரல் தானாக ஒரு இடத்துக்குப் போகும், ஒன்றும் நடக்காது. உடனே அந்த விசைக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். எனக்கு அந்த உறுமி ராத்திரிக்குப் பிறகு இப்படித்தான் ஒரு வாரத்தில் அறுபது போலத் திரும்பி வந்தது. மிச்சத்தை நான் தேடவும் இல்லை.

கிள்ளான்: வேறொருவர் ஸ்டூடியோவில் போய் வேலை செய்யும்போது என் ஷார்ட்கட்டை எப்படிக் கொண்டுபோவது?

ரீப்பர் என்றால் நிறுவும்போதே 'போர்ட்டபிள்' என்று தேர்ந்தெடுத்து ஒரு பென்டிரைவில் முழுதாகப் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் கணினியை மாற்ற வேண்டியதில்லை. கியூபேஸ் என்றால் முதலில் அவருடைய கீ கமாண்டை ஒரு பிரிசெட்டாகச் சேமியுங்கள், பிறகு உங்களுடையதை இம்போர்ட் செய்யுங்கள், கிளம்பும்போது அவருடையதைத் திரும்ப எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். விருந்துக்குப் போன வீட்டில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது. எனக்கு அப்படி ஒருவர் செய்துவிட்டுப் போய், மறுநாள் காலை ஸ்பேஸ் பாரை அழுத்தினால் டிராக் அழிந்தது.